முழங்கைக்கு ஒரு பொன்னாடை

விழுந்த பல்லைத் தேடியது டீக்கடைக்காரர் ஒருவர்தான்.

திருநீர்மலையில், மலையடிவாரத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, ஏரிப் பக்கம் ஒரு மைதானம் இருக்கிறது. மைதானம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். மழைக்காலத்தில் அது ஏரியின் பங்காளி, கோடையில் வெறும் புழுதி. பேரூராட்சியாக இருந்த காலத்திலும் அப்படித்தான் கிடந்தது. 2021இல் ஊர் தாம்பரம் மாநகராட்சிக்குள் போன பிறகும் அப்படியேதான் கிடக்கிறது. அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினாறு வயதுக்கு உட்பட்ட பையன்களின் கால்பந்துப் போட்டி. அக்கா மகன் ஆடுகிறான் என்று நானும் போய் லைன் ஓரம் நின்றேன்.

இடைவேளைக்குச் சற்று முன்னால் ஒரு கார்னர். பந்து இன்னும் காற்றில்தான் இருக்கிறது. அதற்குள் நீலச் சட்டைப் பையன் ஒருவனின் முழங்கை, மஞ்சள் சட்டைப் பையன் ஒருவனின் வாயில் இறங்கிவிட்டது. முன்பல் ஒன்று வேரோடு போயிற்று. பக்கத்துப் பல்லில் பாதி. ஆக மொத்தம் ஒன்றரைப் பல்.

நீலச் சட்டை ஒரு அகாடமி. பெயர் வேண்டாம். மாதக் கட்டணம், கிட் பேக், முதுகில் பெயர் அச்சடித்த சட்டை, காரில் வந்து இறங்கும் அப்பா அம்மா எல்லாம் உண்டு. மஞ்சள் சட்டை ஏரிக்கரைப் பசங்க. ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டுச் சட்டை எடுத்தவர்கள், நம்பர் அச்சடிக்கப் பணம் போதாமல் மார்க்கரில் எழுதியிருந்தார்கள். வியர்வையில் ஏழு ஒன்றாகிவிட்டது.

அந்த நேரத்தில் நடந்திருக்க வேண்டியவை இரண்டு: யாராவது பல்லைத் தேட வேண்டும், ரெஃப்ரி சிவப்பு அட்டையைத் தேட வேண்டும். இரண்டுக்கும் முன்னால் அந்த முழங்கைக்குப் பெயர் சூட்டு விழா தொடங்கிவிட்டது.

“அது அக்ரெஷன் சார். அது இல்லாம மேல வர முடியாது,” என்றார் கோச்.

“எங்க பையன் கொஞ்சம் ஃபயர். வீட்லயும் அப்படித்தான்,” என்றார் அப்பா. குரலில் இருந்தது வருத்தம் என்று யாராவது நினைத்தால், அவர் பெருமையைக் கேட்டதே இல்லை என்று அர்த்தம்.

“தெரியாம பட்டுருச்சு. பாவம், குழந்தை பயந்துபோய் நிக்கறான் பாருங்க,” என்றார் அம்மா. குழந்தை என்றது இடித்தவனை.

குழந்தை தன் பங்குக்கு, “எங்கம்மாவைச் சொன்னான் சார்,” என்றது.

பின்னாலிருந்து ஒரு பெரியவர், “அவன் எதுக்கு வாயைத் திறந்துக்கிட்டே ஓடி வர்றான்?” என்று கேட்டார். இந்தக் கேள்வியைக் கேட்ட மனிதர் ஓய்வுபெற்ற ஆசிரியர் என்று பிற்பாடு தெரிந்தது.

இந்தக் காரணங்களைப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்துப் பாருங்கள். தெரியாமல் பட்டது என்றால் அம்மாவைச் சொன்ன கதை எதற்கு? அம்மாவைச் சொன்னதற்காக அடித்தான் என்றால், அது மேலே வருவதற்கான ஆட்டத் திறமை ஆனது எப்படி? ஆட்டத் திறமைதான் என்றால் குழந்தை எதற்குப் பயந்துபோய் நிற்க வேண்டும்? ஒன்றையொன்று கழுத்தறுக்கும் காரணங்கள் ஒரே முழங்கையில் நிம்மதியாகக் குடித்தனம் நடத்தின. யாரும் வாடகைகூடக் கேட்கவில்லை.

அதிலும் இந்த ‘அம்மாவைச் சொன்னான்’ இருக்கிறதே, அதற்குமேல் தமிழ்நாட்டு மைதானங்களில் அப்பீல் கிடையாது. சாட்சி வேண்டாம், விசாரணை வேண்டாம். சொன்னவன் வீரன், கேட்டவர்கள் எல்லோரும் ஒரு கணம் கண்ணகியின் வம்சம். அடிபட்டவன் மறுக்கலாம்தான், ஆனால் அவன் வாய் நிறைய ரத்தம். பல நாள் கழித்து அவனைப் பார்த்தபோது என்னதான் சொன்னாய் என்று கேட்டேன். “‘மேன் ஆன், மேன் ஆன்’னு எங்க ஆளுக்குக் கத்தினேன் அங்கிள்,” என்றான். பின்னால் ஆள் வருகிறான், பார்த்துக்கொள் என்று பொருள். கால்பந்து ஆடும் எல்லாப் பையன்களும் கத்துவதுதான். அதில் எந்த அம்மா வந்தாள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இத்தனை ஆராய்ச்சிக்கும் நடுவில் டீக்கடைக்காரர் புழுதியில் குனிந்து தேடிக்கொண்டிருந்தார். கண்டுபிடித்ததும் ஒரு கிளாஸ் பாலோடு வந்தார். “வேரைப் புடிச்சுத் தேய்ச்சிடாதீங்க. பாலுல போட்டு அரை மணி நேரத்துல டாக்டர்கிட்ட கொண்டு போனா ஒட்டிக்கும்,” என்றார். டீ கிளாஸில் பால், பாலில் பல், பையனை ஆட்டோவில் ஏற்றிக் குரோம்பேட்டைக்கு அனுப்பியதும் அவரே. அன்று அந்த மைதானத்தில் இருந்த ஒரே கோச் அவர்தான் என்பது என் கருத்து. அவரிடம் லைசென்ஸ் எதுவும் இல்லை, விசில் இல்லை, அகாடமி இல்லை. அன்றைய பால் மட்டும் கொஞ்சம் குறைந்தது.

ரெஃப்ரி மஞ்சள் அட்டை காட்டினார். கால்பந்து விதிகளில் 12ஆவது விதி என்று ஒன்று இருக்கிறது. பந்துக்காகப் போட்டியிடாத நேரத்தில் எதிராளியின் தலையிலோ முகத்திலோ வேண்டுமென்றே கையால் தாக்கினால், அது வன்செயல். ஆளை வெளியே அனுப்ப வேண்டும். ரெஃப்ரிக்கு அது தெரியாது என்று சொல்ல மாட்டேன். போட்டியை நடத்துகிறவர்கள் யார், அன்றைய பேட்டா யார் கையிலிருந்து வருகிறது என்பதும் அவருக்குத் தெரியும், அவ்வளவுதான்.

இரண்டாம் பாதி தொடங்கிப் பத்து நிமிடம் இருக்கும். மஞ்சள் சட்டைப் பையன் ஒருவன், உடைந்த பல்லுக்குச் சொந்தக்காரனின் தம்பியாம், நீலச் சட்டைப் பையன் ஒருவனை நெஞ்சில் கைவைத்துத் தள்ளினான். அவன் இரண்டு அடி பின்னால் போய் உட்கார்ந்தான். ரத்தம் இல்லை, பல் இல்லை, நிக்கரில் கொஞ்சம் புழுதி. அவ்வளவுதான் சேதம். லைன் ஓரம் பற்றிக்கொண்டது. “பார்த்தீங்களா ரவுடித்தனத்தை! வளர்ப்பு அப்படி! இவனுங்களை எல்லாம் உள்ள விட்டதே தப்பு!” அரை மணி நேரத்துக்கு முன்னால் அக்ரெஷனுக்கு விளக்கவுரை எழுதிய அதே கோச்சின் வாய்தான் எல்லோருக்கும் முந்தியது. இந்த முறை சிவப்பு அட்டை கண் இமைக்கும் நேரத்தில் வந்தது.

முழங்கை என்றால் அக்ரெஷன், உள்ளங்கை என்றால் ரவுடித்தனம். அப்படியொரு விதி எங்கும் இல்லை. அக்ரெஷனுக்கு மாதக் கட்டணம் உண்டு, ரவுடித்தனம் இலவசம். வித்தியாசம் இவ்வளவுதான்.

ஆட்டம் முடிந்து பரிசளிப்பு. ஒரு பிரமுகர் வந்தார். வெயிலில் நாற்பது நிமிடம் அவருக்காகப் பையன்களை வரிசையில் நிற்க வைத்தார்கள். இரண்டு கோல் போட்டவன் என்பதால் நம் முழங்கைக்காரன்தான் ஆட்ட நாயகன். பிரமுகர் அவனுக்குக் கோப்பை கொடுத்து, தோளில் பொன்னாடை போர்த்தி, இன்றைய இளைஞர்களுக்கு இந்தப் போர்க்குணம்தான் தேவை என்று மைக்கில் முழங்கினார். பொன்னாடை நழுவி அந்த முழங்கையின்மேல் வந்து நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள்.

நானும்தான். என் அக்கா மகன் நீலச் சட்டை. ஜெயித்த டீம். இதுவரை நான் அதைச் சொல்லவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். திரும்பி வரும் வழியில் அவன், “மாமா, அவன் வேணும்னுதான் அடிச்சான். போன வாரமே சொல்லிட்டு இருந்தான்,” என்றான். “விளையாட்டுன்னா இதெல்லாம் சகஜம்டா, நீ உன் ஆட்டத்தைப் பாரு,” என்றேன். அந்த வாக்கியத்தை நான் யோசித்துச் சொல்லவில்லை. எங்கள் தலைமுறை மொத்தத்துக்கும் நாக்கின் அடியில் தயாராக இருக்கும் வாக்கியம் அது. என் காரணத்தையும் மேலே சொன்ன பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மைதானத்தில் நின்றால் மலை தெரியும். நூற்றெட்டுத் திவ்யதேசங்களில் ஒன்று. பெருமாள் நின்று, இருந்து, கிடந்து, நடந்து என்று நான்கு கோலத்தில் இருக்கும் ஊர். கீழே நீர்வண்ணர் நிற்கிறார். மேலே ரங்கநாதர் படுத்திருக்கிறார், உலகளந்தவர் நடக்கிறார், உட்கார்ந்திருப்பவர் நரசிம்மர். தூணைப் பிளந்து குடலை உருவிய நரசிம்மர்தான், ஆனால் இங்கே அவர் சாந்தம். அவதாரத்துக்கே கோபம் தணிந்து உட்கார ஓர் இடம் கிடைத்திருக்கிறது. அந்த மலையடிவாரத்தில் ஒரு கோச் தொண்ணூறு நிமிடமும் உட்காராமல், “விடாதடா, ஏறுடா, காலைப் பாருடா” என்று கத்திக்கொண்டிருக்கிறார். பந்தைப் பார் என்று சொல்லிக் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

திருமங்கையாழ்வார் கதையும் இந்த மலைக்கு உண்டு. அடியார்களுக்கு அமுது படைக்க வழிப்பறி செய்தவர் என்பார்கள். அதாவது, காரணம் சொல்லிக் கைவைப்பதில் நம் கோச்சுகளுக்கெல்லாம் முன்னோடி. அப்பேர்ப்பட்ட மனிதர் இங்கே வந்தபோது மலையைச் சுற்றி ஒரே வெள்ளம். ஆறு மாதம் காத்திருந்து, நீர் வடிந்த பிறகே சேவித்தார் என்பது தலக்கதை. எங்கள் ஊரின் பெயரே ஒருவர் பொறுத்திருந்த கதையிலிருந்து வந்தது. ஒரு த்ரோ-இன் தீர்ப்புக்கு ஆறு விநாடி பொறுக்காத தகப்பன்மார் அதே மலையில்தான் தேர்வுக்கு முன்னால் பையன் பேரில் அர்ச்சனை செய்கிறார்கள்.

பையன்கள் பிறக்கும்போதே முழங்கையோடு பிறந்தார்கள், ஆனால் அதற்கான காரணத்தோடு பிறக்கவில்லை. அது எங்கிருந்து வந்தது என்று தேடினால் முதலில் டிவி அகப்படும். 2024 டிசம்பர் 26, மெல்போர்ன். முதல் டெஸ்ட் ஆடும் 19 வயதுப் பையன் சாம் கான்ஸ்டாஸ், பிட்ச்சில் நடந்து போகிறான். முப்பத்தாறு வயது விராட் கோலி எதிரே வந்து தோளோடு தோள் இடிக்கிறார். ஆட்ட ஊதியத்தில் 20 சதவீதம் அபராதம், ஒரு டிமெரிட் புள்ளி. அன்று மாலை இங்கே டீக்கடையில் நடந்த விவாதத்தில் கான்ஸ்டாஸ் வயதை யாரும் கேட்கவில்லை. “கெத்து மச்சான்” என்ற தீர்ப்போடு சபை கலைந்தது. தமிழ்ப் பத்திரிகைகள் இதற்கு வைத்திருக்கும் சொல் ‘ஆக்ரோஷம்’. சாமி வந்து ஆடுகிறவரைப் பற்றிச் சொல்வதுபோல, ஒரு பக்தியோடுதான் எழுதுகிறார்கள்.

அதற்கும் முன்னால், 2020 பிப்ரவரி 9. தென்னாப்பிரிக்காவின் போட்செஃப்ஸ்ட்ரூமில் பத்தொன்பது வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். 177 ரன்னில் சுருண்ட இந்தியாவை வங்கதேசம் மூன்று விக்கெட்டில் வென்றது. வெற்றி ரன் ஓடி முடித்த கையோடு இரண்டு பக்கத்துப் பையன்களும் மைதானத்திலேயே கைகலந்தார்கள். ஐசிசி ஐந்து பேரைத் தண்டித்தது. இந்தியாவின் ஆகாஷ் சிங், ரவி பிஷ்னோய். வங்கதேசத்தின் தௌஹித் ஹிரிதோய், ஷமிம் ஹுசைன், ரகிபுல் ஹசன். ‘தோல்வியின் வலி, சின்னப் பையன்கள், உணர்ச்சிவசப்பட்டுவிட்டார்கள்’ என்று உருகியவர்களுக்கு இந்தக் கணக்கு இடிக்கிறது: ஐந்தில் மூன்று பேர் ஜெயித்தவர்கள். தோற்றால் வலி, ஜெயித்தால் வெறி. காரணம் எந்தப் பக்கமும் பொருந்தும்படி தைத்த சட்டை. அன்று மேடையில் நின்று நடந்ததற்கு வருத்தம் தெரிவித்தவன் வென்ற அணியின் கேப்டன் அக்பர் அலி. வயது பதினெட்டு. அவனைவிட மூன்று மடங்கு வயதானவர்கள் ஸ்டூடியோக்களில் அமர்ந்து அக்ரெஷனின் அவசியம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

கிரிக்கெட்டைக் கனவான்களின் ஆட்டம் என்று இன்னும் நம்புகிறவர்கள் 2017இல் எம்.சி.சி. விதிப்புத்தகத்தில் என்ன நடந்தது என்று பார்க்கலாம். வீரர்களின் நடத்தைக்கென்று தனி விதியே எழுத வேண்டியிருந்தது. நான்கு நிலை. கடைசி நிலையில், நடுவரை அடிப்பேன் என்று மிரட்டினாலோ யாரையாவது அடித்தாலோ ஆளை மிச்ச ஆட்டத்துக்கே வெளியே அனுப்பலாம். இருநூறு ஆண்டு கழித்துக் கனவான்களுக்கு ‘அடிக்காதே’ என்று எழுதிக் கொடுத்தார்கள்.

டிவியை மட்டும் திட்டிவிட்டுத் தப்பிக்கலாம் என்றால் மேட்டூர் ஞாபகம் வருகிறது. 2024 ஆகஸ்டில் ஒரு வீடியோ பரவியதே, பார்த்திருப்பீர்கள். சேலம் மாவட்டம், மேட்டூரை அடுத்த கொளத்தூர்ப் பக்கம், கால்பந்து ஆட்டத்தில் சரியாக ஆடவில்லை என்று பையன்களைத் தரையில் வரிசையாக உட்கார வைத்து, உடற்கல்வி ஆசிரியர் ஒவ்வொருவராக உதைத்துக்கொண்டும் அறைந்துகொண்டும் போனார். அவரைப் பணியிடை நீக்கம் செய்தார்கள். என்னைத் தூங்கவிடாதது உதை இல்லை. வரிசையில் அடுத்து உட்கார்ந்திருந்த பையன்கள் எழுந்து ஓடவில்லை; தங்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள். அந்த ஒழுங்கு ஒரே நாளில் வராது, வருஷக்கணக்கில் பயிற்சி வேண்டும். வீடியோவுக்குக் கீழேயும் நம் ஆட்கள் வந்து, “அந்தக் காலத்து வாத்தியார் இப்படி அடிச்சதாலதான் நாங்க உருப்பட்டோம்” என்று எழுதினார்கள். உருப்பட்டவர்கள் எழுதும் கருத்து அது.

1961இல் ஸ்டான்ஃபோர்டில் ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 72 குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்தார். காற்றடைத்த பொம்மை ஒன்றைப் பெரியவர் ஒருவர் குத்தி, உதைத்து, திட்டுவதைச் சில குழந்தைகளைப் பார்க்க வைத்தார். பிறகு தனியே விட்டதும் அந்தக் குழந்தைகள் அதே குத்து, அதே உதை, அதே வசவு. அதே மனிதர்தான் பின்னாளில், நல்லவர்கள் எப்படி மனசாட்சியைக் கழற்றி வைத்துவிட்டுத் தீங்கு செய்கிறார்கள் என்று எழுதினார். அதற்கு அவர் சொன்ன வழிகளில் ஒன்று, செய்யும் காரியத்துக்கு வேறு நல்ல பெயர் வைத்துவிடுவது. பாவம், பொம்மை வாங்கிச் செலவு செய்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கு எங்கள் மைதானத்துக்கு வந்திருந்தால் ஓசியில் பார்த்திருக்கலாம்.

ஆட்டத்தில் வேகமே கூடாது, எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டு நிற்க வேண்டும் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் சடுகுடு ஆடி வளர்ந்தவன். எண்பது கிலோ ஆளைக் கணுக்காலில் பிடித்துக் கவிழ்க்கும்போது எலும்பு வரைக்கும் அதிரும். ஏழு பேர் மேலே விழுந்து அமுக்கும்போது மண் வாய்க்குள் போகும். கபடியைப்போல உடம்பு உடம்போடு மோதும் ஆட்டம் நம்மிடம் வேறெது? ஆனால் விசில் ஊதியதும் கை விட்டாக வேண்டும். பிடித்த அதே கைதான் கீழே கிடப்பவனைத் தூக்கிவிடும். பிடிக்கத் தெரிந்தவன் பாதி ஆட்டக்காரன், விடத் தெரிந்தவன்தான் முழு ஆட்டக்காரன் என்று எங்கள் ஊர்ப் பெரியசாமி அண்ணன் சொல்வார். அகாடமிகளில் பிடிப்பதற்குக் கட்டணம் வாங்குகிறார்கள். விடுவதற்குப் பாடத்திட்டம் இல்லை.

2025 ஜனவரி 24. பஞ்சாபின் பட்டிண்டாவில் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான பெண்கள் கபடிப் போட்டி. தமிழ்நாட்டின் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழக அணிக்கும் பீகாரின் தர்பங்கா பல்கலைக்கழக அணிக்கும் ஆட்டம். ஃபவுல் குறித்து நம் பிள்ளைகள் முறையிட்டதில் தொடங்கிய தகராறு, நாற்காலி பறக்கும் அளவுக்குப் போயிற்று. வீடியோ வந்த ஒரு மணி நேரத்தில் தமிழ்நாடு கொதித்தது. துணை முதல்வர் அறிக்கை, கட்சிகள் கண்டனம், நம் பெண்கள்மேல் கை வைப்பதா என்று தெருவுக்குத் தெரு பேச்சு. அந்தக் கோபத்தில் தப்பே இல்லை. நானும் கோபப்பட்டேன். அன்று யாரும், “அது அக்ரெஷன் சார்” என்று சொல்லவில்லை. அடிபட்டது நம் பிள்ளை என்றால் சொல் எவ்வளவு சீக்கிரம் சரியாகிவிடுகிறது பாருங்கள். அடி என்றால் அடி. அதற்குப் பெயர் தேட வேண்டியதில்லை.

சரியாக 45 நாள் கழித்து, மார்ச் 10. தூத்துக்குடி மாவட்டம், ஸ்ரீவைகுண்டம் பக்கம். பாளையங்கோட்டையில் பதினோராம் வகுப்புப் படிக்கும் தலித் மாணவன் ஒருவன் தேர்வு எழுதப் பேருந்தில் போகிறான். பேருந்தை மறித்து, அவனைக் கீழே இழுத்துப்போட்டு, இடது கை விரல்களை அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப் போன தந்தைக்கும் வெட்டு. பிடிபட்டவர்களும் சிறுவர்களே என்று செய்தி வந்தது. கபடிப் போட்டியில் தங்களைத் தோற்கடித்துவிட்டான் என்ற ஆத்திரம்தான் காரணம் என்று அவன் குடும்பத்தார் சொன்னார்கள். நெல்லை அரசு மருத்துவமனையில் விரல்களை ஒட்டவைக்க மணிக்கணக்கில் அறுவை சிகிச்சை நடந்தது.

உடனே காரணத் தொழிற்சாலைகள் முழு வேகத்தில் ஓடத் தொடங்கின. முன்பகை இருக்கலாம், வேறு விவகாரம் இருக்கலாம், சின்னப் பசங்க, ரோசக்காரப் பசங்க, வயசுக் கோளாறு. ரோசம்! தென்மாவட்டமானாலும் தென்சென்னையானாலும் மணக்க மணக்கப் பரிமாறப்படும் சொல். ஒரு தலித் பையன் உன்னை மடக்கிப் பிடித்துப் பாயிண்ட் எடுத்தால் உனக்கு வருவது ரோசம். நீ அவனை மடக்கினால் அவனுக்கு வர வேண்டியது பணிவு. அப்படியொரு ஏற்பாட்டுக்கு ஊர் பெயர் வைத்திருக்கிறது, பாட்டுக் கட்டியிருக்கிறது, மணிக்கட்டில் கட்டிக்கொள்ளக் கலர் கலராகக் கயிறும் வைத்திருக்கிறது. 2023இல் நாங்குநேரியில் நடந்த சாதி வெட்டுக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளிக்குள் கலர் கயிறு கூடாது, சாதி அடையாள மோதிரம் கூடாது என்று அதில் எழுதினார்கள். அதற்கே எத்தனை மனங்கள் புண்பட்டன! கயிற்றை அவிழ் என்றதும் புண்பட்ட அந்த மனங்களில் எத்தனை, அந்த விரல்களுக்காகவும் புண்பட்டன என்று எண்ணிச் சொல்ல ஆள் இல்லை.

திருநீர்மலைக் கோச்சுக்கும் ஸ்ரீவைகுண்டத்து அரிவாளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அகாடமி அப்பாக்கள் கண்டிப்பாகக் கேட்பார்கள். ‘நாங்க படிச்ச ஃபேமிலி சார், எங்களைப் போய் அவங்களோட சேர்த்துப் பேசறீங்களே.’ இரும்பு வேறுதான், ஒத்துக்கொள்கிறேன். காரணம் ஒரே பட்டறை. ‘இவனிடம் போய் நான் தோற்பதா’ என்பதுதான் இரண்டிலும் காய்ச்சி ஊற்றிய உலோகம். எங்கள் மைதானத்தில் மார்க்கரில் நம்பர் எழுதிய சட்டைக்காரன் கார்னரில் முந்திக்கொண்டு நின்றான். அங்கே தலித் பையன் பாயிண்ட் எடுத்தான். ஓரிடத்தில் ஒன்றரைப் பல், இன்னோரிடத்தில் விரல்கள். ஒன்றுக்குப் பொன்னாடை போர்த்தி, இன்னொன்றுக்கு அதிர்ச்சி தெரிவித்து, இரண்டுக்கும் நடுவில் நாம் சௌகரியமாகக் குடியிருக்கிறோம்.

அதே தூத்துக்குடி மாவட்டத்தில் மணத்தி என்று ஒரு கிராமம். அங்கிருந்து கிளம்பிய கணேசன், 1994இல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் ஆடினார். அர்ஜுனா விருது வாங்கினார். அவர் வாழ்க்கையைத் தழுவி மாரி செல்வராஜ் 2025இல் எடுத்த ‘பைசன்’ படத்துக்கு எங்கள் ஏரியா அப்பாக்களும் குடும்பத்தோடு போனார்கள், இடைவேளையில் பாப்கார்ன் வாங்கினார்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அந்தப் படம் வந்த அதே வாரத்தில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் போட்டி நடந்துகொண்டிருந்தது. இந்தியப் பெண்கள் கபடி அணி இறுதியில் ஈரானை 75-21 என்று வீழ்த்தியது. துணைக் கேப்டன் கண்ணகி நகர் கார்த்திகா. முகவரியைச் சொன்னாலே வேலை கொடுக்கத் தயங்கும் கண்ணகி நகர்தான், சோழிங்கநல்லூர்ப் பக்கம், இங்கிருந்து ஒரு மணி நேரப் பயணம். அன்று எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் கார்த்திகா படம் போட்டு ‘நம்ம சென்னைப் பொண்ணு’ என்று வாழ்த்து வந்தது. அனுப்பியவர் யார் என்று பார்த்தேன். ‘இவனுங்களை எல்லாம் உள்ள விட்டதே தப்பு’ என்று லைன் ஓரம் கத்தியவர்களில் ஒருவர்.

பல் ஒட்டிக்கொண்டது. ஒரு வருஷம் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பாதிப் பல்லுக்கு மூடி போட வேண்டும். அதற்குப் பணம் சேர்க்க ஏரிக்கரைப் பசங்க இப்போது வாராவாரம் ஆளுக்கு ஐம்பது ரூபாய் போடுகிறார்கள். டீக்கடைக்காரரும் போட்டிருக்கிறார். அகாடமியிடம் கேட்கலாமே என்றேன். கேட்டார்களாம். விளையாட்டில் காயம் ஏற்பட்டால் நிர்வாகம் பொறுப்பல்ல என்று போட்டி நுழைவுப் படிவத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்று பதில் வந்ததாம்.

அந்தப் பையன் கால்பந்தை விட்டுவிட்டான். இப்போது ஏரிக்கரையில் சாயங்காலம் கபடி ஆடுகிறான். போன வாரம் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். முப்பது விநாடிக்குள் போய்த் திரும்பிவிட வேண்டும் என்ற கணக்கில், வாயை மூடிமூடித் திறந்து, ‘கபடி கபடி’ என்று பாடிக்கொண்டே எதிர்க்களத்துக்குள் போனான். யாரையும் இடிக்கவில்லை, உதைக்கவில்லை. கோட்டோரம் நின்றவனின் தோளில் லேசாகத் தொட்டுவிட்டுத் திரும்பி ஓடி வந்தான். தொடப்பட்டவன் முனகிக்கொண்டே வெளியே போய் உட்கார்ந்தான். அடுத்த பாயிண்டில் திரும்ப உள்ளே வந்தான்.

கபடியில் ஒருவனை வெளியே அனுப்ப விரல் நுனி பட்டால் போதும்.